குடிக்காத டிரைவர்

என் வேலை என்னவென்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்ப மாட்டார்கள். மாத்திரை விழுங்கியவர்களை நெடுஞ்சாலையில் கார் ஓட்டவிட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போவதுதான் என் பிழைப்பு. முன்பு சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தேன். இப்போது நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் சம்பளம். அந்தக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஒரு கிளட்ச் உண்டு. கூரைமேல் உள்ள கேமரா, வெள்ளைக் கோட்டிலிருந்து வண்டி எவ்வளவு விலகுகிறது, எவ்வளவு நெளிகிறது என்று அளந்துகொண்டே வரும். விழுங்கியது தூக்க மாத்திரையா, மனச்சோர்வு மாத்திரையா, இல்லை வெறும் மாவு உருண்டையா என்று ஓட்டுகிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் சோதனையே. சில நாட்களில் இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள், சில நாட்களில் மாத்திரையோடு மதுவும். அந்த மாதிரி நாட்களில் நான் காலையில் வயிற்றுக்கு ஒன்றும் போடுவதில்லை.

வண்டியை நிறுத்தியதும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். எப்படி ஓட்டியதாக நினைக்கிறீர்கள்? குடித்தவன் இளிப்பான், கொஞ்சம் ஆடியது என்று ஒப்புக்கொள்வான். மாத்திரைக்காரர்கள் அப்படியில்லை. ஒரு தடவை மலை மாதிரி வளர்ந்த கல்லூரிப் பையன் ஒருவன், லாரிக்குப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனான். நான் பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, வண்டியை ஓரம் கட்டினேன். அவன் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, நல்லாத்தானே ஓட்டினேன், எதுக்கு நிறுத்தினீங்க என்று கேட்டான். பொய் சொல்லவில்லை, பாவம். உண்மையிலேயே அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. என் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

என் தம்பி ஹூப் என்னைவிடப் பத்து வயது சின்னவன். போன வருஷம் அவன் பெண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு கட்டிலே கதியென்று கிடந்தான். மகள் ஃபெம்கேவுக்கு ஏழு வயது. வாரத்தில் பாதி தாயிடம், பாதி இவனிடம். இவன் முறை வரும் நாட்களில் அத்தை நான்தான் போய்ப் பிள்ளைக்குத் தலை வாரி, ரொட்டியில் சாக்லேட் தூவிக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவேன். இவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கடைசியில் காதைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் இரவில் ஒன்று, மது ஒரு சொட்டும் கூடாது என்றார்.

முதல் சில வாரம் நடக்கும்போதே தூங்குகிறவன் மாதிரி இருந்தான். அவன் கார் சாவியை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன், அதற்கு ஒரு சண்டை. போகப் போக உடம்பு பழகிவிட்டது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, மாஸ் ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி ஓட்டினான். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ரேடியோவோடு சேர்ந்து அவன் மெதுவாகப் பாடினான்.

ஹாலந்துக்குத் தெற்கே, எங்கள் லிம்பர்க் மாகாணத்தில் கார்னிவல் திருவிழா என்றால் மற்றதெல்லாம் அப்புறம்தான். எங்கள் ஆராய்ச்சிக்கூட டாக்டரம்மா வடக்கே ஹாலந்துப் பக்கத்துக்காரர். மூன்று நாள் வேஷம் கட்டிக் குடிப்பதற்கு வருஷம் முழுக்க உழைப்பார்களா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, ஒரு மாதம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊர்வலத்துக்கு ஒவ்வொரு தெருக் கூட்டமும் ஒரு பெரிய வண்டி ஜோடிக்கும். அதை டிராக்டரில் கட்டி இழுக்க வேண்டும். அந்த டிராக்டர் ஓட்டுகிறவன் மட்டும் குடிக்கக் கூடாது. கிளம்புமிடத்தில் போலீஸ் குழாயை நீட்டி ஊதச் சொல்லும். பச்சை எரிந்தால்தான் வண்டி நகரும். கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை குடிக்காத ஆளை எங்கே போய்த் தேடுவது? வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். பேர் வந்தவன் இழவு விழுந்த வீடு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறுவான்.

ஹூப் டாக்டர் சொல்லிக் குடிப்பதில்லை என்று தெரிந்ததும் லாம்பேர் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அவர் ஊரில் குழாய் வேலை பார்ப்பவர், எங்கள் தெருக் கூட்டத்துக்குத் தலைவர். கடவுளே பார்த்து அனுப்பிய டிரைவர் என்று ஹூப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால்தான் அவனிடம் டிராக்டரைக் கொடுத்தார்கள். இதில் ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான். அவன் நன்றாக ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் ஆயிற்றே நான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் கொட்டகையிலேயே கிடந்தான். இரும்புக் கம்பியை வளைத்து, பற்றவைத்து, வைக்கோல் சுற்றி, ஒரு வீட்டு உயரத்துக்குத் தேன்கூடு கட்டினான். பிள்ளைகள் தேனீக்களாக அதற்குள் நின்று மிட்டாய் வீச வேண்டும். ஃபெம்கேவுக்குக் கம்பியில் வலைத்துணி தைத்து இறக்கை செய்தான், அவன் கையாலேயே. சாயங்காலம் நான் சூப் கொண்டுபோனால், சூடு ஆறுவதற்குள் குடிக்காமல் எதையாவது காட்டிக்கொண்டே இருப்பான். ஆறட்டும், போகட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஊர்வலத்தன்று நான் மாடு. எங்கள் தோழிகள் கூட்டம் மொத்தமும் மாட்டு வேஷம். கொம்பு, வால், ரப்பர் மடி எல்லாம் உண்டு. கிளம்புமிடத்துக்குப் போனபோது லாம்பேர் அண்ணன் மீசையோடு ராணித் தேனீயாக, கிரீடம் சரிய நின்றிருந்தார். காலையிலிருந்தே ஊற்ற ஆரம்பித்துவிட்டார் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஹூப் வைக்கோல் தொப்பியும் முகவலையுமாகத் தேன் எடுப்பவன் வேஷத்தில் இருந்தான். போலீஸ்காரி குழாயை நீட்டினாள். ஊதினான். பச்சை. கூட்டம் "அலாஃப்" என்று கார்னிவல் கோஷம் போட்டது. எல்லா வண்டிக்கும் இப்படி ஒரு ஆள் இருந்தால் எனக்கு வேலையே இல்லை என்று அவள் அவன் தோளைத் தட்டினாள்.

நான் அவனுக்கு ஒரு கப் பட்டாணி சூப் நீட்டினேன். கப் அவன் கையில் பட்டது, விரல்கள் கொஞ்சம் கழித்துத்தான் மூடின. சூப் கால்சட்டையில் கொட்டியது. கையுறை தடிமன் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் என்னவோ உறுத்தியது.

ஊர்வலம் நகர்ந்தது. டிராக்டர் ஆள் நடக்கிற வேகம்தான். நான் நடைபாதை ஓரமாகக் கூடவே போனேன். பழக்க தோஷம், கண் சக்கரத்துக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான் போகும். முன்சக்கரம் விளிம்பை உரசப் போய் விலகியது. வேண்டிய அளவுக்கு மேல் விலகி, மறுபடி விளிம்புக்கு வந்தது. வாத்தியத்துக்குத் தகுந்தபடி டிராக்டரை ஆட்டுகிறான் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். என் வலது கால் தானாகவே தெருவை மிதித்து அழுத்தியது.

ஓடிப்போய் டிராக்டரின் படியில் தொற்றி ஏறி, அவன் இடப்பக்கம் சக்கரத்துக்கு மேலிருந்த மட்கார்டில் உட்கார்ந்தேன். பழைய டிராக்டர். பிரேக் அவன் வலது காலுக்கு அந்தப் பக்கம், எனக்கு எட்டாது. எஞ்சினை அணைக்கிற குமிழ் மட்டும் எனக்கு முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. இழுத்தால் எஞ்சின் நிற்கும். மாடு டிராக்டர் ஏறியதைப் பார்த்துத் தெருவே "ம்மா" என்றது.

"ராத்திரி தூங்கினியாடா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா தூங்குறது? விடியற வரைக்கும் அந்த அபசுர பேண்டு கூட்டம் ஜன்னலுக்குக் கீழயே நின்னு ஊதுது. லாம்பேர் அண்ணன்தான் பாவப்பட்டு, அவரு சம்சாரத்தோட தூக்க மாத்திரை ஒண்ணு குடுத்தாரு. டிரைவர் தெளிவா இருக்கணும், நல்லாத் தூங்குன்னாரு."

"உன் மாத்திரை?"

"ராத்திரி மறந்துட்டேன். விடிஞ்சப்போ ரெண்டையும் சேத்தே போட்டுக்கிட்டேன்."

இதைச் சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னான். இந்த மாதிரி இரண்டைச் சேர்த்துக் கொடுக்கிற நாட்களில் எங்களுக்கு அகலமான நெடுஞ்சாலை இருக்கும், பக்கத்தில் இன்னொரு பிரேக் இருக்கும், அப்படியும் என் உள்ளங்கை வேர்க்கும். இங்கே இரண்டு பக்கமும் பிள்ளைகள். மிட்டாய் விழுந்தால் எலிக்குஞ்சு மாதிரிப் பாய்கிற பிள்ளைகள்.

"இறங்குடா. நான் ஓட்டுறேன்."

"மாட்டு வேஷத்துலயா?" சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் முகம் மாறியது. "நான் ஒரு சொட்டுக் குடிக்கலக்கா. பச்சை எரிஞ்சத நீயும்தான பாத்த. நல்லாத்தான் இருக்கேன். ஒரு வருஷமா ஊரே என்னை நோயாளியாப் பாத்துச்சு. இன்னிக்கு ஒரு நாள் டிரைவரா இருந்துட்டுப் போறேனே, விடேன்."

ஊர் பார்க்க இவனை இந்தச் சீட்டிலிருந்து இறக்கினால், மறுபடி போய் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். இறக்காவிட்டால் யார் பெற்ற பிள்ளையோ சக்கரத்தில். இரண்டு பயத்துக்கும் நடுவே அந்த மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். இறக்கித்தான் ஆக வேண்டும் என்று தெரியும். அவன் மனசு நோகாமல் எப்படி இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

லாம்பேர் அண்ணன் முன்னால் ஆடிக்கொண்டே போனார். அவரைக் கூப்பிட்டு, ஊர்வலத்தை நிறுத்துங்கள், இவன் ஓட்டக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் திரும்பி, கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து நீளமாக "ம்மா" என்றார். தெருவும் கூடச் சேர்ந்து "ம்மா" என்றது. யாரோ என் மடியைப் பிடித்துக் கறக்கிற மாதிரி இழுத்தான், அவன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன், அதற்கும் கைதட்டல். கார்னிவலில் மாடு கத்தினால் எவன் காதில் போட்டுக்கொள்வான்?

அடுத்து தேவாலய முக்கு. அங்கே ஊர்வலம் எப்போதும் வெகுநேரம் நிற்கும். நடுத்தெருவில் எஞ்சினை அணைத்து அவனை வேடிக்கைப்பொருளாக்க மனசு வரவில்லை, அங்கே போனதும் காதைப் பிடித்தாவது இறக்குவது என்று முடிவு பண்ணினேன். அதுவரைக்கும் அவன் கண்ணுக்குப் பதிலாக நான். கொஞ்சம் இடது, போதும், வலது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொன்னபடி செய்தான். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு மூச்சு தள்ளித்தான் செய்தான்.

கொஞ்ச தூரத்தில் முன்வண்டி நின்றது, நாங்களும் நின்றோம். அவனைக் கீழே தள்ள வாய்ப்பென்று நான் எழுவதற்குள் மறுபடி நகர்ந்துவிட்டது. சக்கரத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வராமல் காவலாக நடக்க ஆட்கள் உண்டு. எங்கள் இடது முன்சக்கரத்துக்காரன், மதுக்கடை வாசலில் யாரோ நீட்டிய பீருக்குக் கையை நீட்டியபடி பின்தங்கிவிட்டான். தெரு அந்த இடத்தில் குறுகும். முன்வண்டியிலிருந்து ஒரு கை மிட்டாயை அள்ளி வீசியது. சில மிட்டாய்கள் எங்கள் சக்கரத்துக்கு நேர் எதிரே உருண்டன. மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்னத் தேனீ அதற்கு முன்னால் போய்க் குந்தியது.

ஹூப் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை, முகம் மட்டும்தான் அந்தப் பக்கம் இருந்தது. அவன் கால் அசையும் என்று காத்தேன். அசையவில்லை. பிரேக் என்று கத்தினேன். அசையவில்லை. என் காலோ அடியிலிருந்த இரும்புத் தகட்டை மிதி மிதியென்று மிதித்தது, அங்கே ஒன்றுமே இல்லை. குமிழைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். எஞ்சின் இருமி, குலுங்கி, நின்றது.

ஹூப் ஸ்டீயரிங்கை விடவில்லை. எஞ்சின் நின்ற பிறகும் மெதுவாக இடப்பக்கம் ஒடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா நிறுத்துன?" என்றான். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். "முன்னாடி யாருமே இல்லையே."

சக்கரத்துக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, என் இறக்கை மாட்டிக்கிச்சு."

வண்டி நின்ற அந்தச் சின்ன நேரத்தில் ஃபெம்கே தேன்கூட்டின் பின்னேணி வழியாக இறங்கி வந்திருக்கிறாள். இறக்கையின் நுனி டயருக்கடியில். பிள்ளை ஒரு பக்கமாக இழுபட்டு நின்றாள், கையில் மிட்டாய். பயம்கூட இல்லை அவளுக்கு, இறக்கை கிழிந்துவிடுமே என்றுதான் கவலை. நான் குதித்து இறங்கி, தோள்வாரை அவிழ்த்து, அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

பேண்டு ஓய்ந்தது. லாம்பேர் அண்ணன் வந்தார். முதலில் அதட்டத்தான் வாயைத் திறந்தார், பிறகு டயரையும் இறக்கையையும் பார்த்துவிட்டுக் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நல்லாத் தூங்கட்டும்னுதானே குடுத்தேன் என்று அழ ஆரம்பித்தார். அந்த ஆளை அங்கேயே பிய்த்துப் போட்டிருப்பேன், இடுப்பில் பிள்ளை இருந்தாள். பின்னாலிருந்து ஒருத்தன், இந்தப் பாழாய்ப்போன மனநோய் மாத்திரையை முதலில் நிறுத்தச் சொல்லு என்றான்.

"அந்த மாத்திரைதான் இவனை எழுப்பி உட்கார வச்சுது. அது மேல இன்னொண்ண ஏத்துனதுதான் வினை. தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டு நில்லு" என்றேன். மூடிக்கொண்டான்.

ஹூப்பை யாரும் இறக்க வேண்டியிருக்கவில்லை. தானே இறங்கினான். பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, தெருவில் குடிக்காத ஆள் வேறு ஒருவரும் இல்லை. கிளம்புமிடத்திலிருந்து ஓடி வந்த போலீஸ்காரி என்னிடம் குழாயை நீட்டினாள். கொம்பைச் சாய்த்துக்கொண்டு ஊதினேன். பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள் என்று நானாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான், நீங்க ஏதாவது மாத்திரை போட்டிருக்கீங்களா என்று அவள் கேட்டாள். இல்லை என்றேன். டிராக்டரைக் கொஞ்சம் பின்னால் எடுத்து இறக்கையை விடுவித்தோம். மிச்சத் தெரு முழுக்க நான் ஓட்டினேன். ஹூப் இடது முன்சக்கரத்துப் பக்கத்திலேயே, காவல்காரன் மாதிரி, நடந்தே வந்தான். ஃபெம்கே திரும்பவும் தேன்கூட்டுக்குள் ஏறி மிட்டாய் வீசினாள். அவன் ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

சந்தை மைதானத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஃபெம்கேவை என் தோழிகள் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தரக் கூட்டிப் போனார்கள். ஹூப் கிழிந்த இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து நின்றான். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அக்கா, வேலையில எல்லாரையும் ஒரு கேள்வி கேப்பியே. அதை என்னையும் கேளு."

வேண்டாம்டா என்றேன். கேளு என்றான்.

"எப்படி ஓட்டினதா நினைக்கிற?"

கம்பியில் தொங்கிய வலைத்துணியைத் தடவிக்கொண்டே யோசித்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தேடினான் என்பது எனக்குத் தெரிந்தது.

"நல்லா ஓட்டுனேன்க்கா" என்றான். "இப்பவும் எனக்கு அப்படித்தான் தோணுது."

பிறகு பாக்கெட்டில் கையைவிட்டு, அவன் கார் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். நான் கேட்கவேயில்லை.